பருவ வேலை, பகுதி நேர வேலை செய்பவர்களுக்கு வேலையின்மைப் பணம் ஏன் இவ்வளவு எட்டாக்கனி?

கரைவலை கேட்டது:

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று நாடு. நான் பிரான்சில் இருக்கிறேன். போன கோடையில் கடலோர விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்தேன், அதற்கப்புறம் ஓர் அலுவலகத்தில் சாயங்காலம் மட்டும் சுத்தம் செய்யும் சின்னச் சின்ன ஒப்பந்தங்கள், இப்போது அதுவும் இல்லை. தம்பி கனடாவில், அட்லாண்டிக் பக்கம், நண்டும் லாப்ஸ்டரும் வந்து இறங்கும் ஓர் ஆலையில். அக்கா அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில், மணிக்கணக்குச் சம்பளம், கோடை விடுமுறையில் சம்பளம் கிடையாது.

மூன்று பேரும் வேலையில்லாத மாதங்களுக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தோம். மூன்று பேருக்குமே கிடைக்கவில்லை. எனக்குச் சோமாஜ் (பிரான்சின் வேலையின்மைப் பணம்) இல்லை, மணி நேரம் போதாதாம். தம்பிக்கு ஈ.ஐ. (கனடாவின் வேலையின்மைக் காப்பீடு) கிடைக்காததற்கும் அதே காரணம், கொஞ்ச மணி நேரம்தான் குறைவு, அதுவும் அவன் வேலைக்குப் போக மாட்டேன் என்று சொன்னதால் குறைந்ததில்லை. ஆலையில் வேலை எப்படி என்றால், படகு வந்தால்தான் வேலை. முந்தின நாள் இரவு செய்தி வரும், நாளைக்கு ஐந்து மணிக்கு வா என்று. காற்று அடித்தால் காலையில் இன்னொரு செய்தி வரும், வர வேண்டாம் என்று. அவன் பூட்ஸ் போட்டுத் தயாராக நின்ற நேரத்துக்கெல்லாம் கணக்கே இல்லை. அக்காவுக்குச் சொன்ன பதில்தான் எனக்கு விளங்கவே இல்லை: "விடுமுறை முடிந்ததும் உனக்கு வேலை இருக்கிறது, ஆகவே நீ வேலையில்லாதவள் இல்லை."

என் கேள்வி இதுதான். இந்த விதிகள் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கின்றன? தம்பியின் சம்பளத்தில் ஒவ்வொரு முறையும் ஈ.ஐ. பிடிக்கிறார்கள், பிடிக்கும்போது நீ பருவ ஆள், உனக்கு வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லையே. அடுத்த பருவம் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் செய்து வைக்கக்கூடியது ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள், மற்றவர்களுக்கும் பயன்படும்.

சீட்டுக்கணக்கு:

கரைவலை, சம்பளப் பட்டியல் போடும் வேலையில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் கனடா பக்கத்தை மட்டும் சொல்கிறேன், மற்ற இரண்டையும் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எந்த நாட்டில் ஆனாலும் இந்தத் திட்டங்கள் உங்களிடம் கேட்பது இரண்டே விஷயம். எவ்வளவு வேலை செய்தாய், எந்தக் காலத்துக்குள் செய்தாய். பகுதி நேர ஆட்கள் முதல் கேள்வியில் விழுகிறார்கள், பருவ ஆட்கள் இரண்டாவதில் விழுகிறார்கள், இரண்டுமாக இருப்பவர்கள் இரண்டிலும் விழுகிறார்கள்.

கனடாவில் சாதாரண விதிப்படி 420 முதல் 700 மணி நேரம் வரை வேண்டும். எவ்வளவு என்பது நீங்கள் இருக்கும் வட்டாரத்தின் வேலையின்மை விகிதத்தைப் பொறுத்தது. நாட்டை 62 வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். விகிதம் 6 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் 700, 13 சதவீதத்தைத் தாண்டினால் 420. இந்த விகிதம் மாதாமாதம் மாறும். அதாவது உங்கள் தம்பி போன வருடம் செய்த அதே மணி நேரத்தை இந்த வருடமும் செய்திருக்கலாம், ஆனால் அந்த வட்டாரத்தில் எங்கோ வேறு யாருக்கோ வேலை கிடைத்து விகிதம் இறங்கியிருந்தால் இவருக்கான வரம்பு ஏறிவிடும். அந்த வேலை நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு நகரத்தில் வந்திருக்கலாம், மீன் ஆலைக்கு ஒரு மணி நேரம்கூடக் கூடியிருக்காது. எனக்கு இதில் உள்ள பெரிய அநியாயமாகத் தெரிவது இதுதான்.

அப்புறம் காலம். கடைசி 52 வாரம், அல்லது போன முறை ஈ.ஐ. தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை, இதில் எது குறைவோ அது. ஆகவே பருவ ஆள் ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்திலிருந்து சேர்க்க வேண்டும். கிடைத்தாலும் 14 முதல் 45 வாரம் வரைதான், வரம்பை ஒட்டித் தப்பியவருக்குக் குறைவான வாரங்களே வரும், அது தீர்ந்து அடுத்த பருவம் தொடங்கும்வரை கையில் ஒன்றும் இருக்காது. கியூபெக்கிலும் அட்லாண்டிக் மாகாணங்களிலும் இந்த இடைவெளியைக் கருந்துளை என்றே சொல்கிறார்கள். தொழிலாளர் அமைப்புகள் விடாமல் கேட்டதில் 2018-ல் 13 வட்டாரங்களில் பருவத் தொழிலாளர்களுக்கு 5 வாரம் கூடுதலாகக் கொடுக்கத் தொடங்கினார்கள், பிறகு நீட்டிக்கவும் செய்தார்கள். ஆனால் அது ஏற்கெனவே தகுதி பெற்றவருக்குத்தான். தகுதியே பெறாதவருக்கு அது உதவாது.

தம்பியிடம் ஒன்று கேளுங்கள். அந்த 52 வாரத்துக்குள் வேறு எங்காவது, நான்கு நாளானாலும் சரி, வேலை செய்தாரா? எல்லா முதலாளிகளிடம் செய்த மணி நேரமும் கூட்டப்படும். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஆர்ஓஇ, அதாவது வேலை நின்றதும் மணி நேரத்தையும் சம்பளத்தையும் காட்டி முதலாளி போட வேண்டிய சான்று, வர வேண்டும், சின்ன இடங்களில் அதைப் போடாமலே விட்டுவிடுவார்கள். கொஞ்சம்தான் குறைவு என்றால் இதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

வேனில்:

அக்காவுக்கு நடந்தது அமெரிக்காவில் பள்ளி ஊழியர்கள் பலருக்கும் நடப்பது. கல்வி நிறுவனத்தில் வேலை செய்பவருக்கு அடுத்த தவணையில் வேலை உண்டு என்று "நியாயமான உறுதி" இருந்தால் இடைப்பட்ட விடுமுறைக்கு வேலையின்மைப் பணம் மறுக்கலாம் என்று கூட்டாட்சிச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆசிரியர்களை மனதில் வைத்து வந்த விதி, அவர்களில் பலருக்கு ஆண்டுச் சம்பளம், அதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பிரித்து வாங்கிக்கொள்ளலாம். சமையலறையிலும் பேருந்திலும் மணிக்கணக்கில் வேலை செய்பவருக்கு அந்த வசதி எங்கே? அடுப்பு அணைந்தால் சம்பளமும் நின்றது. ஆசிரியர் அல்லாத ஊழியர்கள் விஷயத்தில் மாநிலங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் இருக்கிறது. மின்னசோட்டா 2023-ல் மணிக்கணக்கு ஊழியர்களுக்கு இந்தத் தடையை எடுத்துவிட்டது, அங்கே பேருந்து ஓட்டுநர், சமையலறை ஊழியர், வகுப்பறை உதவியாளர் எல்லோரும் கோடையில் விண்ணப்பிக்கலாம். அக்கா எந்த மாநிலம் என்று தெரியாது, ஆனால் கேட்டுப் பார்க்க வேண்டிய முதல் கேள்வி, அந்த "உறுதி" எழுத்தில் வந்ததா, அதே மணி நேரத்துக்கும் சம்பளத்துக்குமா என்பது. செப்டம்பரில் பாதி நேரம்தான் தருவோம் என்று சொல்லியிருந்தால் மேல்முறையீட்டில் பேச இடம் உண்டு.

இன்னொன்று, பருவ வேலை செய்யும் எல்லோருக்கும். பெரும்பாலான மாநிலங்களில் மணி நேரத்தைப் பார்ப்பதில்லை, சம்பளத்தைப் பார்க்கிறார்கள், அதுவும் முடிந்துபோன ஐந்து காலாண்டுகளில் முதல் நான்கை மட்டும். மே மாதம் விண்ணப்பித்தால் போன வருடம் ஜனவரி முதல் டிசம்பர் வரைதான் கணக்கு. இந்த வருடம் ஜனவரியிலிருந்து மே வரை உழைத்தது கண்ணுக்கே தெரியாது. புதிதாக வேலைக்கு வந்தவர், குழந்தை பெற்று மீண்டும் வந்தவர், குளிர்காலப் பருவத்தில் மட்டும் வேலை செய்தவர் எல்லோரும் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். இதற்கு மாற்று உண்டு, கடைசியாக முடிந்த நான்கு காலாண்டுகளை எடுக்கும் முறை. 2009-ல் பொருளாதாரச் சரிவின்போது இப்படியான சீர்திருத்தங்கள் செய்யும் மாநிலங்களுக்கு என்று 700 கோடி டாலர் ஒதுக்கினார்கள், அதனால் நிறைய மாநிலங்கள் இந்த முறைக்கு வந்தன. முதல் கணக்கில் தகுதி இல்லை என்று பதில் வந்தால் மாற்றுக் கணக்கில் பார்த்தீர்களா என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள். வாஷிங்டன் மாநிலம் மணி நேரத்தில் போகிறது, அங்கே 680 மணி.

தம்பியின் சம்பளத்தில் காப்பீட்டுப் பணம் பிடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அக்கா விஷயத்தில் அது சரிவராது. அமெரிக்காவில் மிகச் சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் இதற்கான வரியைக் கட்டுவது முதலாளிதான்.

பத்துவிரல்:

மேலே இருவரும் நன்றாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். இது காப்பீடு. வருடா வருடம் அதே மாதத்தில் வேலை நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒன்றுக்குக் காப்பீடு கொடுத்தால், அந்த ஆலைக்காரர் ஆட்களை ஆறு மாதம் வைத்துக்கொண்டு மீதி ஆறு மாதத்துக்கு அரசாங்கத்தின் தலையில் கட்டிவிடுவார். வருடம் முழுக்கச் சம்பளம் கொடுக்கும் தொழில்கள் கட்டும் பணம் பருவத் தொழில்களுக்குப் போகிறது. வரம்பு இல்லாமல் எப்படி நடத்துவது?

சீட்டுக்கணக்கு:

பத்துவிரல், நீங்கள் சொல்லும் பிரச்சினை உண்மைதான், ஆனால் அதற்கான விலையை யாரிடம் வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி. ஆலைக்காரர் செலவைத் தள்ளிவிடுகிறார் என்றால் ஆலைக்காரரிடம் கூடுதலாக வாங்கலாமே. அமெரிக்காவில் அப்படித்தான், எந்த முதலாளியின் ஆட்கள் அதிகமாகப் பணம் பெறுகிறார்களோ அவருடைய வரி விகிதம் ஏறும். அதிலும் ஒரு கேடு இருக்கிறது, வரி ஏறாமல் இருக்க முதலாளி ஒவ்வொரு விண்ணப்பத்தையும் எதிர்த்து எழுதுவார், "தானாக விட்டுப் போனார்" என்று போடுவார். கனடாவில் அந்த முறையே இல்லை, ஆட்களை அடிக்கடி நிறுத்துபவரும் வருடம் முழுக்க வைத்திருப்பவரும் ஒரே விகிதத்தில்தான் கட்டுகிறார்கள். மிச்சம் இருப்பது தொழிலாளியின் வரம்பை உயர்த்துவது ஒன்றுதான், அதைத்தான் செய்கிறார்கள். கடல் எப்போது உறையும் என்று தம்பி தீர்மானிக்கவில்லை, எத்தனை பெட்டி நண்டு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டையும் அவர் போடவில்லை. ஆலை வேண்டும், நண்டு ஏற்றுமதி வேண்டும், ஆனால் அடுத்த பருவம்வரை அந்த ஊரில் ஆட்கள் எப்படியாவது உயிரோடு காத்திருக்க வேண்டும் என்றால் அந்தக் காத்திருப்புக்கு யாராவது பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்றாம்பிறை:

பிரான்ஸ் பற்றி நான் சொல்கிறேன், இங்கே சோமாஜ் விண்ணப்பங்களில் பலருக்கு உதவியிருக்கிறேன்.

கரைவலை, உங்களுக்குப் பொது விதி: கடைசி 24 மாதத்துக்குள் 6 மாத வேலை, அதாவது 130 நாள் அல்லது 910 மணி. 55 வயதுக்கு மேல் என்றால் 36 மாதம் பின்னால் போய்ப் பார்ப்பார்கள். 2019-க்கு முன்னால் 28 மாதத்தில் 4 மாதம் இருந்தாலே போதும், சீர்திருத்தம் என்ற பெயரில் அதை ஏற்றினார்கள், முதலில் அடிபட்டவர்கள் நீங்கள் செய்கிற மாதிரியான வேலைக்காரர்கள்தான். 2025 ஏப்ரல் முதல் பருவத் தொழிலாளர்களுக்கு மட்டும் 5 மாதம், 108 நாள் அல்லது 758 மணி என்று இறக்கியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் விடுதி ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பருவ கால ஒப்பந்தம் என்றே எழுதியிருக்கிறதா, அல்லது வெறும் குறுகிய கால ஒப்பந்தமா? இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. எந்தக் காரணத்துக்காகக் குறுகிய காலம் என்று ஒப்பந்தத்தில் எழுதியே ஆக வேண்டும், அந்த ஒரு வரியைத்தான் பார்ப்பார்கள்.

ஒரு கோடை மட்டும் செய்திருக்கிறீர்கள் என்பதால் இப்போது போதாமல் இருக்கலாம், ஆனால் அந்த மணி நேரம் வீணாகவில்லை. 24 மாதம் என்பது நீளமான காலம். அடுத்த கோடை முடிந்ததும் இரண்டு பருவமும் சேர்ந்து நிற்கும். அதுவரை ஒவ்வொரு சின்ன ஒப்பந்தம் முடியும்போதும் முதலாளி கொடுக்க வேண்டிய சான்றைக் கேட்டு வாங்குங்கள், மூன்று நாள் வேலையானாலும் சரி. பின்னால் போய்க் கேட்டால் அந்த நிறுவனமே இருக்காது, சுத்தம் செய்யும் வேலையில் ஒப்பந்தக்காரர் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

தகுதி கிடைத்தாலும் தொகை சின்னதாக வரலாம். 2021 அக்டோபரிலிருந்து நாள் கணக்குச் சம்பளத்தைக் கணக்கிடும்போது இரண்டு ஒப்பந்தங்களுக்கு நடுவில் சும்மா இருந்த நாட்களையும் சேர்க்கிறார்கள், அதனால் விட்டு விட்டு வேலை செய்தவரின் சராசரி இறங்கிவிடுகிறது. தொழிற்சங்கங்கள் வழக்குப் போட்டு அந்த ஜூனில் நிறுத்தியும் வைத்தார்கள், ஆனாலும் வந்துவிட்டது.

பகுதி நேரம் பற்றிப் பக்கத்து ஸ்பெயினில் நடந்த ஒரு வழக்கு எனக்கு மறக்காது. உங்களைப் போலவே சுத்தம் செய்யும் வேலை, வாரத்தில் மூன்று நாள் பெரும்பாலும், ஆனால் மாதம் முழுவதற்கும் காப்பீட்டுச் சந்தா கட்டப்பட்டிருந்தது. வேலை போன பிறகு எத்தனை நாளுக்குப் பணம் என்று கணக்குப் போடும்போது வேலைக்கு வந்த நாட்களை மட்டும் எடுத்தார்கள். அதே மணி நேரத்தை ஐந்து நாளில் பரப்பிச் செய்திருந்தால் முழுசாகக் கிடைத்திருக்கும். அந்தப் பெண்மணி விடவில்லை, வழக்கு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம்வரை போனது, 2017 நவம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது. இப்படி நாள் குறைத்து வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆகவே இது பெண்களுக்கு எதிரான மறைமுகப் பாகுபாடு என்று சொன்னார்கள். அடுத்த வருடமே ஸ்பெயின் விதியை மாற்றியது. ஒரு பகுதி நேரத் துப்புரவுத் தொழிலாளி கேட்ட கேள்விக்காக ஒரு நாட்டின் விதி மாறியிருக்கிறது.

ஏலக்காடு:

இந்தியாவில் இருந்து. நீங்கள் எல்லோரும் மணி நேரம் போதவில்லை என்கிறீர்கள், இங்கே பருவ ஆலைக்காரர்களுக்குக் கதவே இல்லை. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டம் 1948-ல் வந்தபோதே பருவத் தொழிற்சாலைகளை விலக்கிவிட்டார்கள். பட்டியலைப் பாருங்கள்: பருத்தி அரைவை, நிலக்கடலை உடைப்பு, காப்பி, ரப்பர், சர்க்கரை, வெல்லம், தேயிலை. 2020-ல் எழுதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் பருவத் தொழிற்சாலை நீங்கலாக என்றுதான் இருக்கிறது. இ.எஸ்.ஐ.-க்குள் இருப்பவர்களுக்கு 2018-ல் முன்னாள் பிரதமர் அடல் பிஹாரி வாஜ்பாய் பெயரில் ஒரு வேலையின்மை நிவாரணம் வந்தது, முதலில் சராசரிச் சம்பளத்தில் கால் பங்கு, 2020-ல் அதைப் பாதியாக்கினார்கள், அதிகபட்சம் 90 நாள், வாழ்நாளில் ஒரு முறை. வருடா வருடம் வேலை நிற்கும் ஆளுக்கு வாழ்நாளில் ஒரு முறை என்பது என்ன கணக்கு? அதுவும் அவன் உள்ளேயே இல்லை.

கரைவலை:

எல்லோருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன், பருவ கால ஒப்பந்தம் என்றுதான் இருக்கிறது. அலுவலக வேலையில் இரண்டு ஒப்பந்தங்களுக்குச் சான்று வரவே இல்லை, இன்றைக்கே கேட்டு எழுதுகிறேன்.

தம்பியிடம் பேசினேன். நண்டு தொடங்குவதற்கு முன்னால் ஒரு நாற்றுப்பண்ணையில் கொஞ்ச நாள் வேலை செய்திருக்கிறான், அதற்கு ஆர்ஓஇ போடவே இல்லையாம். இவனும் கேட்கவில்லை, அது கணக்கில் வரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆலை கொடுத்ததிலும் மணி நேரம் குறைத்துக் காட்டியிருப்பதாகச் சந்தேகப்படுகிறான். சம்பளச் சீட்டு எல்லாம் கைபேசியில் படமாக இருக்கிறது. இப்போது என்ன செய்யலாம்? தள்ளுபடிக் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது.

சீட்டுக்கணக்கு:

நேரம் இருக்கிறது, ஆனால் தள்ளிப்போட வேண்டாம். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். கேட்கும்போதே நாற்றுப்பண்ணை வேலையைப் பற்றி எழுதச் சொல்லுங்கள், ஆர்ஓஇ வரவில்லை என்றாலும் பரவாயில்லை, முதலாளியிடம் கேட்டேன், தரவில்லை என்று தேதியோடு எழுதி, சம்பளம் வந்ததற்கான ஆதாரத்தை வைத்தால் அவர்கள் அந்த முதலாளியைத் தொடர்புகொள்வார்கள். பணம் கையில் கொடுத்திருந்தால் கொஞ்சம் கடினம், ஆனாலும் சொல்லலாம்.

ஆலை குறைத்துக் காட்டியது வேறு விஷயம். எத்தனை மணி நேரம் காப்பீட்டுக்கு உரியது என்பதில் தகராறு வந்தால் தீர்மானிப்பது கனடா வருவாய் முகமை. தொழிலாளியே அவர்களிடம் தீர்ப்புக் கேட்கலாம், இது பலருக்குத் தெரியாது. சம்பளச் சீட்டில் உள்ள மணி நேரத்தை வாரவாரியாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் ஆர்ஓஇ-யில் இருப்பதை எழுதச் சொல்லுங்கள். வித்தியாசம் எந்த வாரத்தில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஓவர்டைம், கூப்பிட்டு வரவழைத்துத் திருப்பி அனுப்பிய நாளுக்குக் கொடுத்த குறைந்தபட்ச ஊதியம், இந்த இரண்டில்தான் பெரும்பாலும் விடுபடும்.

அடுத்த பருவத்துக்கு: வேலை நின்றதும் ஆர்ஓஇ வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி வேலை நாளிலிருந்து 4 வாரம் தாண்டினால் இழப்பு வரலாம். வேலை முழுவதும் நிற்காமல் மணி நேரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் கனடாவில் சிக்கல், சம்பளமும் வேலையும் இல்லாமல் தொடர்ந்து 7 நாள் இருந்தால்தான் நின்றதாகப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு இடையில் சின்ன வேலை வந்தால் பயந்து விட்டுவிட வேண்டாம், சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலருக்கும் 50 சென்ட்தான் குறைப்பார்கள், ஒரு வரம்புவரை. ஒவ்வொரு அறிக்கையிலும் அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வேனில்:

அக்காவுக்கும் தேதி முக்கியம். அமெரிக்காவில் மேல்முறையீட்டுக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, சில இடங்களில் பத்து நாள்தான். கடிதத்திலேயே கடைசி நாள் அச்சாகியிருக்கும். விசாரணை தொலைபேசியில்தான் பெரும்பாலும் நடக்கும், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. மேல்முறையீடு நடக்கும்போதும் வாராந்தர விண்ணப்பத்தை நிறுத்தாமல் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். வென்ற பிறகு போடாத வாரங்களுக்குப் பணம் கேட்டால் தர மாட்டார்கள். வேலை தேடுகிறீர்களா என்று கேட்கும் இடத்தில் பகுதி நேரம் மட்டும்தான் வேண்டும் என்று சொன்னால் சில மாநிலங்களில் அதையே காரணமாக்கி மறுப்பார்கள், வேறு சில மாநிலங்களில் இதற்கு முன்னாலும் பகுதி நேரம்தான் செய்தார் என்றால் ஏற்றுக்கொள்வார்கள். அக்கா மாநிலத்தின் பெயரை இங்கே போட்டால் அங்கே எது நடைமுறை என்று பார்த்துச் சொல்கிறேன்.